மொத்த லேப்டாப்பும் என்விடியாவிலா, கேமுக்குக் கேம் சொல்வதா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லினக்ஸில் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) எந்த கிராபிக்ஸ் கார்டில் கேமை ஓட்டுவது என்று நான் முடிவெடுத்தது அப்படி ஒரு சாயங்காலத்தில்தான்.

என் லேப்டாப்பில் கார்டு இரண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் ஒன்று, தனியாக என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவில், பிரைம்-செலக்ட் என்ற கமாண்ட் மூலம் எல்லாவற்றையும் என்விடியாவுக்கே மாற்றிவிடலாம். இல்லையென்றால் ‘ஆன்-டிமாண்ட்’ வைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பை இன்டெலில் விட்டுவிட்டு, கேட்கிற கேமை மட்டும் என்விடியாவுக்கு அனுப்பலாம். இதற்காக முன்பு பயன்படுத்திய பம்பிள்பீ என்ற பழைய மென்பொருளைத் தொட வேண்டாம். 2019-இல் வந்த 435 வரிசை டிரைவரிலிருந்து இந்த வசதியை என்விடியாவே தருகிறது.

முழு என்விடியாவில் யோசிக்கிற வேலையே இல்லை. ஆறு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். வேகம் குறையுமோ என்ற பயம்தான் காரணம். ஆனால் திரை இன்டெலோடு இணைந்திருக்கும் லேப்டாப்புகளில், எந்த வழியில் போனாலும் என்விடியா வரைந்த படம் இன்டெல் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. ஆடும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு விஷயத்தை முடித்து வைத்தது பேட்டரி. முழு என்விடியாவில் அந்தக் கார்டு தூங்குவதே இல்லை. சும்மா ஒரு கடிதம் தட்டச்சு செய்தாலும் விழித்திருக்கும். பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட பம்புசெட்டைப் போட்ட மாதிரி. அன்றைக்கு கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்குள் லேப்டாப் அணைந்தது. ‘0 ஏ.டி.’ என்ற கேமில் சேமிக்காத ஆட்டமும் அதோடு போயிற்று. ஆன்-டிமாண்டில் கேமை மூடியதும் கார்டு தூங்கப் போகிறது, விசிறிச் சத்தமும் அடங்குகிறது.

இதில் கார்டின் தலைமுறை முக்கியம். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை முதல் இந்தத் தூக்கம் தானாகவே நடக்கும். என்னுடையது போன்ற, அதற்கு முந்தைய டூரிங் தலைமுறைக் கார்டுக்கு, டிஸ்ட்ரோவைப் (உபுண்டு மாதிரி லினக்ஸ் வகையை) பொறுத்து டிரைவர் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு இது கிடையாது. அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் ஆடாத நேரத்தில் முழு இன்டெலுக்கு மாறிக்கொள்வதே நல்லது. கார்டு தூங்குகிறதா என்று பார்க்க கார்டின் நிலவரம் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டை ஓட்டாதீர்கள், அதுவே எழுப்பிவிடும்! (இது புரியாமல் நான் இரண்டு நாள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.)

ஆன்-டிமாண்டின் தொல்லை, சொல்ல மறந்துவிடுவது. “மாமா, கேம் நொண்டுது” என்று அக்கா பையன் வந்தான். பார்த்தால் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் ரேஸ் கேம் இன்டெலில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுபோல ஓபன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் முறையில் வரையும் கேம்களை நாம்தான் என்விடியாவுக்கு அனுப்ப வேண்டும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் ஐகானை ரைட் கிளிக் செய்தால் தனி கிராபிக்ஸ் கார்டில் திறக்கும் வசதி இருக்கிறது. கேம் வாங்கி ஆடும் ஸ்டீமில் அந்த கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் கமாண்டுக்கு முன்னால் பிரைம்-ரன் சேர்த்தால் போதும், ஒரு தடவை செய்கிற வேலை. ஸ்டீமின் புரோட்டான் மூலம் லினக்ஸில் ஓடும் விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுகூட வேண்டாம். புரோட்டானுக்குள் கிராபிக்ஸை மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே தனிக் கார்டைத்தான் முதலில் எடுக்கும்.

இரண்டு கார்டுமே ஏஎம்டியாக இருந்தால், லினக்ஸோடு வரும் மீசா டிரைவரின் டிஆர்ஐ_பிரைம்=1 என்பதை கேம் கமாண்டுக்கு முன்னால் சேர்த்தால் போதும். கும்பகோணத்தில் நண்பர் லேப்டாப்பில் இரண்டு நாள் ஆடிப் பார்த்தேன், தனி டிரைவர் போடாமலே ஓடியது. இரண்டு நாளை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

எச்டிஎம்ஐ விஷயம் ஒன்று பாக்கி. பல லேப்டாப்புகளில் அந்தப் போர்ட் என்விடியாவோடு இணைந்திருக்கும். டிவியைச் செருகினால் கார்டு விழித்துக்கொள்ளும், நான் மேலே சொன்ன பேட்டரிக் கணக்கும் எடுபடாது. பொங்கலுக்குப் பசங்களோடு டிவியில் போட்டு ஆடும்போது சார்ஜரை மாட்டிவிடுகிறேன். அப்போது கரண்ட் போனால் டிவியும் சேர்ந்துதான் போகும்.