ஹைட் கவுண்டி: ஏரிக்கரையா, தீவா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மாவட்டம் போன்ற பகுதியான ஹைட் கவுண்டியைப் பார்க்க ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால், ஒக்ரகோக் தீவுக்குப் போகலாமா, நிலப்பகுதியிலேயே தங்கலாமா? இரண்டையும் சேர்ப்பது கடினம். தீவுக்குப் பாலம் இல்லை. நிலப்பகுதியிலுள்ள ஸ்வான் குவார்ட்டரிலிருந்து படகில் போகவே சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும்.

பயணிகள் பெரும்பாலும் தீவைத்தான் தேடிப் போகிறார்கள். 1823-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. கடற்கொள்ளையன் பிளாக்பியர்டு 1718-இல் கொல்லப்பட்டதும் அந்தக் கடலில்தான். 2019-இல் டோரியன் புயல் ஊரையே மூழ்கடித்தது. அதன்பின் பலர் வீடுகளைத் தூக்கி உயர்த்தினார்கள்.

ஆனாலும் என் தேர்வு நிலப்பகுதிதான். மாநிலத்தின் மிகப்பெரிய இயற்கை ஏரியான மேட்டமஸ்கீட் அங்கே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராட்சதப் பம்புகளால் அதை வற்றவைத்து விவசாயம் செய்தார்கள். கட்டுப்படியாகாமல் கைவிட்டதும் தண்ணீர் திரும்பியது. 1934 முதல் அது பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான டன்ட்ரா அன்னங்கள் வந்து இறங்கும்.

அதைவிட என்னை ஈர்ப்பது பள்ளிப் போராட்டம். இனப்பிரிவினையை நீக்கும் பெயரில் கறுப்பினத்தவரின் இரண்டு பள்ளிகளை மூடி, பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கத் திட்டமிட்டபோது, 1968–69 கல்வியாண்டு முழுவதும் பெற்றோர் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பவில்லை. தலைநகர் ராலேவுக்கு நடந்தே போனார்கள். பள்ளிகளையும் காப்பாற்றினார்கள். வெள்ளையர் பள்ளியில் சேர்வது மட்டுமே சமத்துவம் அல்ல என்று அத்தனை துணிவாகச் சொன்ன ஊர் அது.

கோடையில் கடலில் குளிக்க ஆசையென்றால் தீவுக்குப் போங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ஏரிதான்.