ஏழாம் எண் ஜெர்சி: மூன்று மாதங்கள் அணிந்த பிறகு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆன பிறகுதான், இந்த ஊரின் ரக்பி லீக் அணியான லீட்ஸ் ரைனோஸின் ஜெர்சி ஒன்றை வாங்கினேன். முதுகில் அந்த அணியின் முன்னாள் ஆட்டக்காரர் ராப் பர்ரோவின் பெயரும் 7 என்ற எண்ணும் அச்சிடப்பட்ட ரசிகர் பதிப்பு அது. நானும் என் மகனும் மூன்று மாதங்களாக மாற்றி மாற்றி அணிந்துவருகிறோம். வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் அணியும் ஜெர்சி, எதிரியின் விரல்களுக்குப் பிடி கிடைக்காதபடி உடலோடு ஒட்டியிருக்கும்; ரசிகர் பதிப்பு அதைவிடத் தளர்வானது. ஆகவே வழக்கமாகப் போடும் சட்டையைவிட ஓர் அளவு குறைத்தே வாங்கலாம். நான் 'ஸ்மால்' கேட்டபோது கடைக்காரர் ஏணி வைத்து மேல்தட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். கீழே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தவை எல்லாம் பெரிய அளவுகள்தான்.

பர்ரோவின் உயரம் 165 செ.மீ. என் மகனுக்குப் பதினான்கு வயது. அவனும் அதே உயரம்தான். அவன் இந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோதுதான், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் ஓடி வந்து மோதும் ஆட்டத்தில் இவ்வளவு சிறிய உடலோடு ஒருவர் 2001 முதல் 2017 வரை ஒரே அணிக்காக 490-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார் என்பது எனக்கு உறைத்தது. அந்த ஆண்டுகளில் ரைனோஸ் எட்டு முறை, ரக்பி லீக்கின் முதன்மைத் தொடரான சூப்பர் லீகின் இறுதிப் போட்டியை வென்றது. எட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2011 இறுதிப் போட்டியில், ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கு எதிராக அவர் போட்ட 'டிரை'யை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) இந்த ஊரில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவர், தன் பாதி மைதானத்திலிருந்து பந்தோடு கிளம்பி, பிடிக்க நீண்ட ஒரு கைக்கு அடியில் தலையைத் தாழ்த்தி நுழைந்து, கடைசிக் காவலரையும் ஏய்த்து ஓடி முடித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கையில் சிக்கியிருப்பார்கள். ஆட்டநாயகனுக்கான ஹாரி சண்டர்லாண்ட் விருது அன்று அவருக்கு ஒருமனதாகக் கிடைத்தது.

துணியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வியர்வையை விரைவில் உலரவிடுகிறது. தோள்பட்டையில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள். சாயமும் இதுவரை போகவில்லை.

குறை அச்சில்தான். நான்காவது சலவையிலேயே 7-இன் மேல் ஓரம் நகம் நுழையும் அளவுக்கு உரிந்துவிட்டது. வேறு எண்ணாக இருந்தால் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். 2019 டிசம்பரில் பர்ரோவுக்கு மோட்டார் நியூரான் நோய் இருப்பது தெரியவந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, நடையும் பேச்சும் விழுங்கும் திறனும் போய்விடும் நோய் அது. மறு ஆண்டு, அவருடைய பழைய அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்ட், நண்பரின் எண்ணை நினைவில் வைத்து ஏழு நாட்களில் ஏழு மாரத்தான் ஓடினார். 77,777 பவுண்டு திரட்டுவது இலக்கு. சேர்ந்ததோ 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. 2023 மே மாதம் லீட்ஸில் பர்ரோவின் பெயரால் நடந்த மாரத்தானில், அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தொலைவும் தள்ளிக்கொண்டு வந்த சின்ஃபீல்ட், முடிவுக் கோட்டின் அருகே அவரைக் கைகளில் ஏந்தி அதைக் கடந்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஏழு என்பது அதெல்லாம் சேர்ந்த எண். 2024 ஜூன் 2 அன்று, 41 வயதில் பர்ரோ காலமானார். அவர் விரும்பியபடியே, மறுநாள் சீக்ராஃப்ட் மருத்துவமனை வளாகத்தில் அந்த நோயாளிகளுக்கான மையத்தின் கட்டுமானப் பணி தொடங்கியது.

அச்சு உரிந்ததைக் கடையில் காட்டினேன். ரசீதுகூடக் கேட்காமல் பழைய எண்ணை எடுத்துவிட்டு, புதிதாக அழுத்தி ஒட்டித் தந்தார்கள். அதன் பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில்தான் உலர்த்துகிறேன். இதுவரை ஓரம் எழவில்லை. வாங்குவதாக இருந்தால், அச்சுக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள், தயங்காமல் வாங்குங்கள்.