மார்ட்டல் காம்பேட்: 1995ஆ, 2021ஆ?

கோபியில் கேபிள் டிவியில் பார்த்து வாய் பிளந்த, சண்டை வீடியோ கேமை வைத்து எடுத்த 1995 படத்தை இந்த வயதில் திரும்பப் பார்த்தால் கிராபிக்ஸ் சிரிப்பு மூட்டுகிறதுங்க, ஆனாலும் நாலு கை அரக்கன் கோரோவை நிஜமான பொம்மையாகச் செய்து இயக்கியிருப்பதால் அவன் வந்து நின்றாலே ஒரு கனம் தெரிகிறது. 2021இல் மறுபடி எடுத்த படத்தில் அதே கோரோ கம்ப்யூட்டர் வேலை, வந்தான், செத்தான்.

ரத்தம் வேண்டுமென்றால் 2021தான், பழைய படம் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. நடிகர் ஹிரோயுகி சனாடாவின் தொடக்கச் சண்டையும் அருமை. சரி, அப்புறம்? போட்டியே நடக்காத போட்டிக் கதை, விளையாட்டில் இல்லாத கோல் யங் என்று ஒரு நாயகன்! (எதற்கு?) 1995இல் கப்பலேறித் தீவுக்குப் போய் முறையாக மோதுகிறார்கள், வில்லன் ஷாங் சுங்காக வரும் நடிகர் டகாவாவின் பார்வையே போதும்.

மாமன் பையனுக்கு 2021. எனக்குப் பழையதுதான், அந்த டெக்னோ இசைக்காகவே.