குரலை ஆன்லைனில் விற்பது: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

குரல் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதில் தொடங்கியது இது. விளக்க வீடியோக்கள், பயிற்சிப் பாடங்கள், தொலைபேசியில் ஒலிக்கும் வரவேற்பு வாசகங்கள், அப்புறம் ஒலிப்புத்தகங்கள் என்று சில ஆண்டுகளாகப் பின்னணிக் குரல் கொடுப்பதுதான் என் வேலை. முழுக்க ஆன்லைனில். கணக்குத் தொடங்கிய சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகளில் வராத சில விஷயங்களைச் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். ஓவியம், இசை, மொழிபெயர்ப்பு என்று வேறு திறமை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைக்கும் தளங்கள். நான் பயன்படுத்தியவை ஃபைவரும் அப்வொர்க்கும். 2010-ல் ஃபைவர் தொடங்கியபோது எந்த வேலையானாலும் 5 டாலர்தான்; பெயரே அதிலிருந்து வந்ததுதான். இப்போது விலையை நாமே வைத்துக்கொள்ளலாம். நாம் கடை விரிக்கிறோம், வாங்குபவர் தேடி வருகிறார். அப்வொர்க் நேர்மாறு. ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் 2013-ல் இணைந்து, 2015-ல் இந்தப் பெயருக்கு மாறிய தளம் அது. அங்கே வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார், நாம் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் செலவாகும் 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை.

குரல் வேலைக்கு ஃபைவர் முறைதான் ஒத்துவருகிறது என்பது என் முடிவு. அரை நிமிட சாம்பிளைக் கேட்டதும் வாங்குபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நீளமான கடிதம் எழுதிப் புரியவைக்க ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஓடும் மென்பொருள் வேலை, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு அப்வொர்க் நல்லது என்று அந்தத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்வதை நம்புகிறேன்.

பணக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைவரில் விற்பவரிடம் 20 சதவீதம் கமிஷன். 100 டாலர் ஆர்டர் என்றால் கைக்கு 80. ஆர்டர் முடிந்த பிறகு அந்தப் பணம் 14 நாள் காத்திருப்பில் இருக்கும். உயர்ந்த நிலையில் உள்ள விற்பனையாளர்களுக்கு 7 நாள். நாம் வேலையை அனுப்பியும் வாங்குபவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், 3 நாளில் ஆர்டர் தானாக முடிந்ததாகக் கணக்காகும். ஆக, இன்று அனுப்பிய வேலைக்கான காசு இரண்டரை வாரம் கழித்துத்தான் எடுக்க முடியும், அதற்கு மேல் வங்கிக்குப் போகும் நேரம், நாணய மாற்றில் போகும் தொகை. மாதச் செலவை இதை மட்டும் நம்பி ஓட்ட நினைப்பவர்கள், சில மாதங்களுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதைச் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. பணம் நெருக்கும்போது எந்த ஆர்டரையும் தள்ள முடியாது. தள்ள முடியாதவர் விலையை ஏற்றவும் முடியாது.

இனி திறமைக்கு வருவோம். குரல் நன்றாக இருப்பது இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. அறையின் நிசப்தம்தான் முதல் தகுதி. அமேசானின் ஒலிப்புத்தகத் தயாரிப்புத் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவைப் பாருங்கள் (டிஜிட்டல் பதிவில் பூஜ்யம்தான் உச்ச எல்லை, அதனால் எல்லாம் மைனஸில்): சராசரி ஒலியளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக்கூடாது, யாரும் பேசாதபோது பதிவாகும் பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. முதல் இரண்டையும் மென்பொருளில் சரிசெய்துவிடலாம், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். மூன்றாவதைத்தான் மென்பொருளிடம் விடமுடியாது. இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் குரல் தகரத்துக்குள் பேசுவது போலாகிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜின் உறுமல் எட்டாத அறை வேண்டும், கணினியை மைக்கிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். துணி நிறைந்த அலமாரியின் முன்னால், பின்புறம் கனமான போர்வை தொங்கவிட்டு நான் பதிவு செய்கிறேன். விலை உயர்ந்த மைக் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சரி செய்யாத அறையில் நல்ல கண்டென்சர் மைக்கை வைத்தால் அது பக்கத்துத் தெரு ஹார்னையும் சேர்த்தே பிடிக்கும். முதலில் அறைக்குச் செலவு செய்யுங்கள்.

தமிழில் குரல் கொடுப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. இந்தத் தளங்களில் பெரும்பாலும் சொல் எண்ணிக்கைக்குத்தான் விலை. ஆங்கில வாசிப்பு நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று வைத்து எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு வினைக்குள்ளேயே ஆள், காலம் எல்லாம் அடங்கிவிடும். அதே நிமிடத்தில் சொல் எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆங்கிலக் குரல்களின் சொல் விலையை அப்படியே நகலெடுத்தால் அதிக நேரம் பேசிக் குறைந்த காசு வாங்குவோம். அதனால் தமிழ் வேலைகளுக்கு முடிந்த ஒலியின் நிமிடத்துக்குத்தான் விலை சொல்கிறேன். வாங்குபவர்களும் இதைத் தயங்காமல் ஏற்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் வீடியோவின் நீளம்தான் முன்கூட்டியே தெரியும்.

திருத்தம் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஒரு வாடிக்கையாளர் 'இன்னும் கொஞ்சம் உற்சாகமாக' என்பார். அடுத்த முறை 'இவ்வளவு வேண்டாம்' என்பார். மூன்றாம் முறை எழுத்துப் பிரதியே மாறி வரும். இது கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. மனதில் ஓடும் குரலைச் சொல்லில் விளக்க அவர்களுக்கு வழியில்லை, அவ்வளவுதான். அதற்காக நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது: ஆர்டர் வந்ததும் முதல் இருபது வினாடியை மட்டும் இரண்டு விதமாகப் பேசி அனுப்புவேன். எது வேண்டும் என்று அவர் சொன்ன பிறகே மீதி. கூடவே, பிரதியில் உள்ள பெயர்களை அவரையே உச்சரித்துக் குரல்செய்தியாக அனுப்பச் சொல்வேன். 2.5 என்று இருந்தால் இரண்டரையா, இரண்டு புள்ளி ஐந்தா என்றும் கேட்டுவிடுவேன். என் உச்சரிப்புப் பிழைக்குத் திருத்தம் எத்தனை முறையும் இலவசம், தொனி மாற்றம் ஒரு முறை, பிரதி மாறினால் புது விலை என்று சேவை விவரத்திலேயே எழுதியிருக்கிறேன். இந்த மூன்று வரியை எழுதிய பிறகு வாக்குவாதம் ஏறக்குறைய நின்றேவிட்டது. ரேட்டிங்கும் அதோடு உயர்ந்தது. வாங்குபவருக்கு எல்லை தெரிந்தால் நிம்மதி, நமக்கும் அப்படியே.

உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டிய தொழில் இது. சளி பிடித்தால் கடை மூடியாக வேண்டும். டெலிவரிக்கு ஒரு நாள் போதும் என்று தெரிந்தாலும் மூன்று நாள் என்று போடுங்கள். தாமதம் கணக்கின் மதிப்பைக் குறைக்கும். முன்கூட்டி அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வெளியில் இருப்பதாக அறிவிக்கும் வசதியும் தளத்தில் உண்டு, கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

அடுத்து உரிமை. ஒரு நிறுவனத்துக்குள் பயிற்சிக்குப் போடும் ஒலியும், ஊரெல்லாம் விளம்பரமாக ஒலிக்கும் அதே ஒலியும் ஒரே விலைக்குப் போகக்கூடாது. ஃபைவரில் குரல் வேலைக்கு வணிக உரிமை, ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றைத் தனிக் கட்டணமாக வைக்க வழி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தொடாமலே விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். மனது கஷ்டப்படுகிறது, உழைப்புக்கு வரவேண்டிய காசில் பெரிய பகுதியை அங்கேதான் இழக்கிறார்கள்.

செயற்கைக் குரல்களால் வேலை குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்தது. ஈலெவன்லேப்ஸ் போன்ற கருவிகள் பரவிய பிறகு, விலையை மட்டும் பார்த்து வந்த சின்ன ஆர்டர்கள் எனக்குக் கணிசமாகக் குறைந்துவிட்டன. கதை வாசிப்பு, உரையாடல், வட்டார வழக்கு கலந்த விளம்பரம் போன்றவை இன்னும் மனிதரைத் தேடித்தான் வருகின்றன. இரண்டாவது வகையில் தேர்ச்சி இல்லாமல் இன்று புதிதாகத் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சாம்பிளை உடனே மாற்றுங்கள்: செய்தி வாசிப்பதைப் போன்ற தட்டையான பதிவை எடுத்துவிட்டு, இரண்டு பாத்திரங்கள் பேசும் ஒரு துண்டைப் போடுங்கள்.

நானும் இப்போது என் சேவை விவரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இந்தப் பதிவை வைத்துக் குரல் நகல் உருவாக்கவோ எந்த இயந்திரத்தையும் பயிற்றவோ அனுமதி இல்லை. இதற்கு விளக்கம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் பெரும்பாலோர் சரி என்று சொல்லி ஆர்டரைத் தொடர்ந்தார்கள். ஏற்காதவர்களின் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.