திறந்தவெளியா, நிலத்தடியா? ராஜஸ்தான் துத்தநாகக் கணக்கு

திறந்தவெளிச் சுரங்கமா, நிலத்தடிச் சுரங்கமா, எது மேல் என்று சுரங்கப் பொறியியல் மாணவர்கள் கேட்பார்கள். ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்து ராம்புரா அகுச்சா துத்தநாகச் சுரங்கம் இரண்டையும் பார்த்த இடம்: 1991-இல் திறந்தவெளியாகத் தொடங்கி, 2018-இல் முழுக்க நிலத்தடிக்குப் போனது.

செலவு: திறந்தவெளியில் தொடக்கத்தில் டன்னுக்குக் குறைவு. ஆனால் குழி ஆழமாக ஆக, தாதுவை எட்டுமுன் வெறும் பாறையை அள்ளவே டீசல் கரையும். நிலத்தடியில் செங்குத்துக் குழி, காற்றோட்டம், கூரைத் தாங்கல் என்று முதலிலேயே பெரும்பணம்.

கழிவு: திறந்தவெளியில் மலைபோல் பாறைக் குவியல். நிலத்தடியில் கழிவில் ஒரு பங்கைச் சிமென்ட் கலந்து குடைந்த இடத்திலேயே நிரப்பலாம்.

வேலை: அங்கே வெயில், தூசு, இங்கே புழுக்கம், இருட்டு. சரிக்குச் சரி.

தாது தரைமட்டத்துக்கு அருகில், அகலமாக இருந்தால் திறந்தவெளி. ஆழத்தில் ஓடினால் நிலத்தடிதான். உதய்ப்பூர் பக்கத்து ஜாவர் துத்தநாகச் சுரங்கத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குடைந்து இறங்கிவிட்டார்கள், அதுவும் டீசல் இல்லாமல்!