உளுந்துக்குச் சோயா ரைசோபியம்: தேதிச் சீட்டைச் சுரண்டிப் பாருங்கள்

உளுந்து விதைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. 'எல்லாப் பயறுக்கும் ஆகும்' என்று சொல்லி உரக்கடையில் எங்களுக்குக் கொடுத்த ரைசோபியம் (விதையில் பூசும் பாக்டீரியா உரம்), சோயாவுக்கு உரியது. பயிர்ப் பெயர் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதை மறைத்து விலைச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். காலாவதித் தேதியின் மேல் இன்னொரு சீட்டு. நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய தேதி. பில் கேட்டால் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்றார்கள்.

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலைக்கு ஒரு கூட்டம் ரைசோபியம். சோயாவுக்குப் பொதுவாக வேறு. வேர் கசியவிடும் சுரப்பை அடையாளம் கண்டுகொள்ளும் பாக்டீரியாதான் உள்ளே நுழைந்து முடிச்சுப் போடும், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குக் கொடுக்கும்.

விதைத்த 30ஆம் நாள் வாக்கில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். ஆணிவேரின் மேல்பகுதியில் முடிச்சு கொத்தாக இருந்தால் விதையில் பூசியது பிடித்திருக்கிறது. பக்கவேரில் அங்கொன்று இங்கொன்று என்றால் அது பெரும்பாலும் நிலத்தில் முன்பே இருந்த பாக்டீரியா போட்டது. முடிச்சைக் கீறுங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை. எங்கள் வயலில் கீறியவை வெளுத்தே இருந்தன.

சரியான இனமும் செத்துப்போய் வரலாம். தூள் வகையில் கிராமுக்கு 5 கோடி உயிரணுவாவது இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. தகரக் கூரைக்கடியில் யூரியா மூட்டை மேல் வெயில்காலம் முழுக்கக் கிடந்த பாக்கெட்டில் அது மிஞ்சாது. தூள் கட்டிதட்டி உலர்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

'டிஏபியோடு கலந்து போடுங்க' என்று அதே கடையில் சொன்னது இன்னும் மோசம். உப்பு உரம் நேரடியாகப் பட்டால் பாக்டீரியா சாகும். ஹெக்டேருக்கான 20 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் 3 போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலப்பதானால் 24 மணி நேரம் முன்பே கலந்துவிட வேண்டும்.

வாங்கும்போதே பயிர்ப் பெயர், தயாரிப்புத் தேதி, தொகுதி எண் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிரிக்காத பாக்கெட் ஒன்றை நிழலில் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பில், பாக்கெட் இரண்டையும் கொடுத்து எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். பில் இல்லாமல் போனால், அந்தக் கடையில் வாங்கியதையே நிரூபிக்க முடியாது.