வர்ச்சுவல் பியானோவுக்கு எந்த லேப்டாப்: மேக்புக் ஏரா, கேமிங் லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

கீபோர்டில் இருக்கிற பியானோ டோன் போதவில்லை, லேப்டாப்பில் நல்ல பியானோ மென்பொருளை ஏற்றி, கீபோர்டை அதில் இணைத்து வாசிக்க வேண்டும் என்கிற ஆசை பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் வரை பாடகர் குழுப் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் கடையில் போய் நின்று ‘ஐ5ஆ, ஐ7ஆ’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பியானோ என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லேப்டாப் அதற்குப் பிறகுதான்.

பியானோ மென்பொருள் இரண்டு வகை. நிஜப் பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, பலமாக என்று பல அளவில் அடித்துப் பதிவு செய்து வைத்திருப்பது ஒன்று. கீஸ்கேப் அப்படிப்பட்டது, முழுதாக ஏற்றினால் 77 ஜிபி. இதற்கு ரேமும் வேகமான எஸ்எஸ்டியும் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் இதற்கு ஆகவே ஆகாது. இன்னொன்று பியானோடெக் மாதிரி, கம்பி அதிர்வதைக் கணக்குப் போட்டு அந்தந்த நொடியே ஒலியை உண்டாக்குவது. அளவு சுமார் 50 எம்பிதான். வேலை முழுவதும் பிராசஸருக்கு. ராஸ்ப்பெரி பையில்கூட ஓடும்.

இரண்டுக்கும் பொதுவான சங்கடம், கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலான தாமதம். லேப்டாப் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும். அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (44,100 ஹெர்ட்ஸ்) என்ற கணக்கில் பஃபர் 128 மாதிரிகள் வைத்தால் 2.9 மில்லிசெகண்ட், 512 வைத்தால் 11.6. பத்தைத் தாண்டினாலே விரலுக்குத் தெரியும். ஸ்பீக்கர் 3.4 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தத் தூரத்துக்கே இன்னொரு 10 மில்லிசெகண்ட் கூடிவிடும். அதனால் உங்களுக்குக் கேட்பதற்கென்றே பக்கத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

பஃபரைக் குறைத்தால் லேப்டாப் ஈடுகொடுக்க முடியாமல் இடையிடையே வெடிப்புச் சத்தம் வரலாம். குறைந்த பஃபரிலும் அது இல்லாமல் ஓடுவதில் மேக்புக் ஏருக்குத்தான் என் ஓட்டு. ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ என்ற மென்பொருள் சிஸ்டத்திலேயே இருக்கிறது, தனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். 2020இல் வந்த எம்1 ஏரே ஒரு பியானோவுக்குத் தாராளம். ஃபேன் கிடையாது, ஆராதனையில் ஜெபம் நடக்கும்போது அந்த நிசப்தத்தின் அருமை தெரியும். குறை இரண்டு. எஸ்எஸ்டியைப் பிறகு கூட்ட முடியாது. 256 ஜிபி வாங்கினால் பெரிய பியானோக்களுக்கு வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டியாக வேண்டும். அடுத்தது வெயில். 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊரில் மே மாதப் பகல் அதைச் சுலபமாகத் தாண்டும். அசனப் பந்தலில் (சபை விருந்துப் பந்தலில்) தகரக் கூரைக்கு அடியில் வாசிப்பவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும். நிழலில், மடியிலோ துணியிலோ வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

கேமிங் லேப்டாப்பில் ரேம் கூட்டலாம், பலவற்றில் இரண்டாவது எஸ்எஸ்டியும் போடலாம். வீட்டில் உட்கார்ந்து பெரிய பெரிய பியானோக்களை ஏற்றி ரெக்கார்டிங் செய்பவருக்கு இதுவே சரி. ஆனால் நீங்கள் காசு கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு பியானோவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அதன் டிரைவரே சில மெஷின்களில் ‘டப் டப்’ என்ற வெடிப்புக்குக் காரணமாகிறது. ஃபேன் இரையும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் வேகமும் குறையும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே அனுப்பும் தனிக் கருவி) ஒன்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கையில் காசு குறைவா? செகண்ட்ஸில் திங்க்பேட் டி480 பாருங்கள். ஐடி கம்பெனிகள் கழித்துவிட்டவை நிறைய வருகின்றன. 2018 மாடல், ரேமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி. மெஷினை அணைக்காமலே வெளி பேட்டரியை மாற்றலாம். கரண்ட் நம்ப முடியாத கிராமத்து ஆலயத்துக்கு இது பெரிய உதவி. பியானோடெக்கை இதில் அளவான செட்டிங்கில் வைத்து வாசிக்கலாம். காசே செலவழிக்க வேண்டாம் என்றால் யமஹா சி5 கிராண்ட் பியானோவில் பதிவான சாலமாண்டர் என்ற பியானோ ஒலித் தொகுப்பு இலவசம். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் தாராளமாகக் காணும்.

எதை வாங்கினாலும் கீபோர்டையும் பெடலையும் கடைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். பியானோடெக் சோதனைப் பதிப்பு இலவசம். சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும், ஆனாலும் சோதிக்கப் போதும். பஃபரை 128இல் வைத்து, பெடலை மிதித்தபடி இரண்டு கையாலும் அடர்த்தியாக வாசியுங்கள். விண்டோஸ் என்றால், ஒலி எதனால் தடைபடுகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளும் பக்கத்தில் ஓடட்டும். வெடிப்பு கேட்டால் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்போதும் கேட்டால் அந்த மெஷின் வேண்டாம், அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.